குடும்பமா போகலாம், ஆனா நடக்கேலாது

ஒரு கடற்கரைக்கு எங்கட ஆக்கள் குடுக்கிற ஆகப் பெரிய சான்றிதழ் ‘குடும்பமா போகலாம்’ என்பதுதான். அந்தச் சொல்லுக்கு நடைமுறையில் என்ன அர்த்தம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ. வாசலில் ரிக்கற் கிழிக்க ஒருவர் இருக்க வேணும். சீமெந்துக் குடை நாலு நிற்க வேணும். ஊரின் பெயரை இங்கிலிசில் பெரிய எழுத்தாக வெட்டி நட்டு, பக்கத்தில் ஒரு சிவப்பு இதயமும் வைத்திருக்க வேணும். சோடியாக வருகிற பெடியன் பெட்டையைக் கலைக்க ஓராள் வேணும். வலை கண்ணில் படக் கூடாது, கருவாடு மணக்கக் கூடாது. இவ்வளவும் இருந்தால் அது குடும்பத்துக்கு உகந்த கடற்கரை.

அங்கே போன குடும்பம் என்ன செய்யும்? வானில் வந்து இறங்கும். போட்டோ எடுக்கும். ஐஸ்கிறீம் குடிக்கும். பிள்ளைகள் முழங்கால் வரை நனையும், தாய் கரையில் நின்று கத்துவா. ஒரு மணித்தியாலத்தில் வான் திரும்பிவிடும். ஒருவரும் நடந்திருக்க மாட்டார்கள். வேலிக்கு அங்கால கரை கிலோமீற்றர் கணக்கில் கிடக்கிறது, ஆனால் அது ‘இடம்’ இல்லை. ரிக்கற் இல்லாத கரை எங்களுக்குக் காடு மாதிரி.

கொழும்பு காலிமுகத்திடலில் ஒரு பழைய கல் இருக்கிறது. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த கடலோர நடைபாதையின் கல். கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக இதைத் தனக்குப் பின் வருகிறவர்களின் பொறுப்பில் விடுவதாக அதில் பொறித்திருக்கிறது. துரைமார் வீட்டுப் பெண்களைத்தான் அவர் மனதில் வைத்திருப்பார், அதில எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தத் திடல் பிறகு எல்லாருடையதாகவும் போனது. பட்டம் விட்ட சனமும் 2022இல் ஒரு ஜனாதிபதியை வீட்டுக்கு அனுப்பின சனமும் அங்கேதான் நின்றது. 160 வருசத்துக்கு முந்தி ஒரு கொலனிக்காரனுக்கு விளங்கின விசயம், பெண்களும் பிள்ளைகளும் கடலோரம் நடக்க ஒரு வழி வேணும் என்பது, எங்கட ஊர்ப்புறத்துச் சபைகளுக்கு ஏன் இன்னும் விளங்கவில்லை? பண்ணையில் நடைபாதை இருக்கே என்பீர்கள். பண்ணை பட்டினம். நான் கதைக்கிறது ஊர்ப்புறக் கரைகளைப் பற்றி.

நாட்டுக்கு ஏலாத வேலை என்றும் சொல்ல முடியாது. மலையகத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கூடாக 300 கிலோமீற்றர் அளவில், 22 கட்டங்களாக, பீக்கோ நடைவழி போட்டிருக்கிறார்கள். வெளிநாட்டு உதவிப் பணம் வந்தது, பலகைகள் நட்டாயிற்று. (அதில் நடக்கிற வெள்ளைக்காரருக்குக் கிடைக்கிற வசதி, லயத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகிற பாதையில் கிடைக்குதா என்பது வேற கதை. அதையும் ஒருத்தர் எழுத வேணும்.)

இப்போது மணல்காட்டுக்கு வாருங்கள். பருத்தித்துறையில் இருந்து தென்கிழக்கே, வல்லிபுரம் தாண்டி வருகிற கரை. இலங்கையில் இந்தளவு மணற்குன்றுகளைக் கனக்க இடத்தில் பார்க்கேலாது. சவுக்கங்காட்டுக்குள்ளால நடந்தால் காற்றின் சத்தமே வேறு. மணல் மூடின பழைய அந்தோனியார் கோயில், சுவர்களை மட்டும் வெளியில நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் நின்று ஒரு எட்டு வயதுப் பிள்ளைக்கு மணல் எப்படி நகரும், கடல் எப்படி ஊருக்குள் வரும் என்று சொல்லிக் குடுத்தால் பத்துப் புவியியல் பாடத்துக்குச் சமன். கரையில் அடம்பன் கொடி படர்ந்து கிடக்கும். காற்றுக்கு உருண்டு ஓடுகிற இராவணன் மீசையைத் துரத்திப் பிடிக்கிறது பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. காசு இல்லை, மின்சாரம் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு அப்படியே கரையால நடந்தால் வாடிகள் வரும், இழுத்து ஏற்றின வள்ளங்கள் வரும். கரைவலை இழுக்கிற நேரமென்றால் நின்று பார்க்கலாம், கை குடுத்தாலும் ஒருவரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

இப்படி ஒரு கரையில், வயசான ஆளோடும் சின்னப் பிள்ளையோடும் இரண்டு மணித்தியாலம் நடக்க என்ன வேணும்? இடையில் ஒரு கழிப்பறை. குடிக்கத் தண்ணி. இருக்க இரண்டு மரக்குற்றி. வாடைக் காலத்தில் கடல் எவ்வளவு மோசம், எங்கே இறங்கக் கூடாது என்று தமிழில் ஒரு பலகை. பின்னேரம் திரும்பிப் போக ஒரு பஸ். கோடிக் கணக்கில் காசு தேவைப்படுகிற ஒன்றும் இதில் இல்லை. கழிப்பறை இல்லாத கரை ஆம்பிளைகளுக்கு மட்டுமான கரை. இதை எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் சொல்லுவா. சபையில கேட்க அவ்வளவு பேர் இல்லை, அவ்வளவுதான்.

‘எங்கட சனம் நடக்காது, அதுக்குப் பாதை என்னத்துக்கு?’ என்று ஒரு வாதம் உண்டு. இதைச் சொல்லுகிறவர்கள் புரட்டாதியில் வல்லிபுர ஆழ்வார் கோயில் சமுத்திர தீர்த்தத்தைப் பார்த்ததே இல்லையா? கோயிலில் இருந்து கடல் வரைக்கும் கால் புதையிற மணலில் ஆயிரக் கணக்கான சனம் நடக்கிறது. குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு தகப்பன்மார், சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அம்மம்மாமார். அதை விடுங்கோ. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் வெளிக்கிட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, உகந்தை என்று கிழக்குக் கரையோரமாக இறங்கி, குமண, யால காடுகளுக்குள்ளால கதிர்காமம் போகிற பாதயாத்திரையை என்னவென்று சொல்லுவது? மாதக் கணக்கில் நடக்கிறார்கள், அதில் அரைவாசிப் பேருக்குக் காலில் செருப்பும் இல்லை. இந்த நாட்டில் ஆக நீளமான கடலோர நடையை எந்தச் சுற்றுலாத் திணைக்களமும் உண்டாக்கவில்லை, முருகனை நம்பின வயசான பொம்பிளைகள்தான் நடந்து நடந்து போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஆக, எங்கட பெண்களுக்கு நடக்கத் தெரியும். கடவுளைக் காரணம் காட்டி நடந்தால் ஒருவரும் மறிப்பதில்லை. காரணம் இல்லாமல், சும்மா காற்று வாங்க நடந்தால்தான் ‘பொம்பிளைப் பிள்ளையளுக்குக் கடற்கரையில என்ன அலுவல்?’ என்று கேள்வி வரும். எங்கட பட்ச் பெடியளும் பெட்டையளும் ஏழு பேராக ஒரு கரைக்குப் போனபோது, வாசலில் நின்றவர் கேட்ட முதல் கேள்வி ‘குடும்பமா வந்தனீங்களோ?’ என்பது. எந்தக் கரை என்பது முக்கியமில்லை, எல்லாக் கரையிலும் அந்தக் கேள்வி இருக்கிறது. குடும்பம் என்ற சொல்லை வைத்துத்தான் ஆட்களை வெளியில விடுகிறார்கள்: தனியாக வருகிற பெண், சோடி, பெடியள் கூட்டம். இவர்களைக் கலைத்த பிறகு மிஞ்சுகிற வெறுங்கரையில் எந்தத் தாய்க்குப் பயமில்லாமல் நடக்க மனம் வரும்? நாலு விதமான சனம் புழங்கினால்தான் ஒரு இடத்தில் பயம் குறையும்.

அபிவிருத்தி என்ற பெயரில் மூடுகிற கதையும் இருக்கிறது. கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1981இலேயே வந்துவிட்டது. உயர்நீர் மட்டத்தில் இருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்று எழுதி வைத்திருக்கிறது. எழுத்தில நல்ல வடிவு. போருக்குப் பிறகு பாசிக்குடாவைப் போய்ப் பாருங்கள், ஹொட்டேல்கள் வரிசையாகக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன, ஊர்ச்சனம் இறங்க ஒரு பக்கம். காங்கேசன்துறையில் இராணுவமே விடுமுறை விடுதி நடத்துகிறது. அதற்குப் பக்கத்து மயிலிட்டித் துறைமுகம் சனத்திடம் திரும்பி வந்தது 2017 யூலையில், 27 வருசம் கழித்து. தங்கட ஊர்க் கடலை ஒரு நாளும் பார்க்காமல், முகாமில் பிறந்து அங்கேயே கலியாணம் கட்டின ஒரு தலைமுறை இருக்கிறது. ‘குடும்பத்துக்கு உகந்த கடற்கரை’ என்ற வார்த்தையை அவர்களுக்கு முன்னால் சொல்லக் கொஞ்சம் கூச்சம் வேணும்.

அதோடு இன்னொன்று, இதை எங்கட பக்கத்து ஆக்களுக்குத்தான் சொல்லுகிறேன். கடற்கரை ‘துப்புரவில்லை’ என்று மூக்கைப் பொத்துகிற பட்டினத்துப் படிச்ச சனத்துக்கு உண்மையில் மணக்கிறது கருவாடு இல்லை, சாதி. கரையில் குடியிருக்கிறவர்களை அப்புறப்படுத்தினால்தான் கரை வடிவாகும் என்ற நினைப்பு ஹொட்டேல்காரனிடமும் இருக்கிறது, உள்ளூர்ப் பெரியவரிடமும் இருக்கிறது. நீரோட்டத்தில் ஒரு பிள்ளை அடிபட்டுப் போனால் முதலில் பாய்கிறது யார்? எந்தக் காற்றுக்குக் கடல் குழம்பும், எந்த மாதம் தாங்கும் என்று தெரிந்தது யாருக்கு? ரிக்கற் கிழிக்கிறவருக்கு நிச்சயமாக இல்லை. வலை காயப் போட்டிருக்கிற இடத்தைச் சுற்றித்தான் நடைவழி போக வேணும், வழிக்காக வலையை எடுக்கச் சொல்லக் கூடாது. கடற்றொழிலாளர் சங்கத்தைக் கேட்காமல் ஒரு பலகையும் நடக் கூடாது. தேத்தண்ணிக் கடை போடுகிறதென்றால் அந்த ஊர்ப் பெண்கள்தான் போட வேணும்.

‘சனம் சாப்பாட்டுக்குக் கஷ்டப்படேக்க உங்களுக்கு நடை தேவைப்படுதோ?’ என்று கேட்பவர்கள் வருவார்கள், தெரியும். கஷ்டப்படுகிற சனத்துக்குத்தான் இது தேவை. நாலு பேருள்ள வீடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வானுக்கும் ரிக்கற்றுக்கும் ஐஸ்கிறீமுக்கும் என்ன செலவழிக்குது என்று கணக்குப் பாருங்கள். பஸ்ஸில போய், கட்டின சோற்றைச் சவுக்கு நிழலில் இருந்து சாப்பிட்டு, நடந்து திரும்புவதற்கு என்ன முடியும் என்றும் பாருங்கள். வசதி உள்ளவனுக்கு நீச்சல் தடாகம் இருக்கிறது.

2025 மே மாதம் வாக்குக் கேட்டு வந்த உள்ளூராட்சி வேட்பாளர்கள் இளைஞர், இளைஞர் என்று எத்தனை தரம் சொன்னார்கள். சபைகள் வந்துவிட்டன, வரவு செலவுத் திட்டம் வருசா வருசம் வரும். அதில் கடற்கரை என்ற தலைப்பைத் தேடிப் பாருங்கள். இதயம் போட்ட பெயர்ப்பலகைக்கு ஒதுக்கினது எவ்வளவு, கழிப்பறைக்கும் தண்ணிக்கும் ஒதுக்கினது எவ்வளவு என்று உங்கட வட்டார உறுப்பினரிடம் எழுத்தில கேளுங்கள். பதிலை எங்களுக்கும் அனுப்புங்கள், போடுவோம்.