மனப்பாடம் பண்ணினா அது விவாதமா?

ஜவ்வாது மலைக்குப் போறவங்க தேன் வாங்கிட்டு வருவாங்க, சாமை வாங்கிட்டு வருவாங்க. நான் வயித்தெரிச்சலை வாங்கிட்டு வந்திருக்கேன். அதை இங்க கொட்டிடறேன், பொறுத்துக்குங்க மக்களே.

நண்பர் ஒருத்தர் மலையில வாத்தியார். பள்ளி பேரெல்லாம் வேண்டாம். "விவாத மேடை வெச்சிருக்கோம், நடுவரா வாங்க சார்"னு கூப்பிட்டார். நமக்குத்தான் மைக்குன்னா ஆகாதே (ஹிஹி). போளூர்ல பஸ் பிடிச்சு, வளைவுக்கு வளைவு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு போய்ச் சேர்ந்தேன்.

தலைப்பு: "கைபேசியால் மாணவர்க்கு நன்மையா, தீமையா?" எட்டாம் வகுப்புப் பசங்க. ரெண்டு அணிக்கும் ஒரே வணக்கம், ஒரே கையசைப்பு, "நடுவர் அவர்களே"ல ஒரே இழுப்பு. ரெண்டு பக்கமும் எழுதிக் கொடுத்தது ஒரே கைதான், வேற எப்படி இருக்கும்?

நன்மை அணியில மூணாவதா வந்த பொண்ணுக்குப் பாதியில மறந்து போச்சு. ஓரமா நின்ன வாத்தியார் உதட்டை அசைச்சுப் பார்த்தார், நடக்கல. அது கண்ணைத் துடைச்சுக்கிட்டு உட்கார்ந்துடுச்சு. இதுல என்ன கொடுமைன்னா, அடுத்து வந்த எதிரணிப் பையன், "இணையவழிக் கல்வி பற்றி அழகாகச் சொன்ன தோழிக்கு மறுப்பு சொல்கிறேன்"னு ஆரம்பிச்சான். அந்தத் தோழி அதைச் சொல்லவே இல்லையே! மறந்து போன பாயிண்டே அதுதான். சொல்லாததுக்கு மறுப்பு, அதுக்குக் கைத்தட்டல் வேற.

மத்தியானம் அதே பசங்களோட உட்கார்ந்து பேசிக்கிட்டிருந்தேன். வீட்ல சாமை போடறாங்களான்னு சும்மா கேட்டேன். மேடையில அழுத பொண்ணு டக்குனு சொல்லுச்சு: "விட்டுட்டாங்க சார். குத்திப் புடைக்க அம்மாவால முடியல. ரேஷன் அரிசின்னா அந்த வேலையே இல்ல." பக்கத்துப் பையன் விடல. "மெஷின் இருந்தா? அப்ப போடுவீங்கதானே?" அதுக்கு அது, "மெஷினுக்குத் தூக்கிட்டுப் போறது யாரு, நீயா?"

இதாங்க விவாதம்! கருத்து இருக்கு, காரணம் இருக்கு, மறுப்பு இருக்கு, மறுப்புக்கு மறுப்பும் இருக்கு. யாரும் எழுதிக் கொடுக்கல. பேசத் தெரிஞ்ச பசங்க வாயில அடுத்தவன் வாக்கியத்தை அடைச்சுட்டு, பேச்சுப் பயிற்சின்னு பேர் வைக்கிறோம்.

இதைக் கேட்டா நண்பர் சொல்றார்: "சர்க்குலர் வந்தே மூணு நாள்தான் ஆச்சு சார். மனப்பாடம் பண்ணியாவது மேடை பயம் போகட்டுமே." பாதி நியாயம், ஒத்துக்கறேன். மைக் முன்னாடி நிக்கறதே ஒரு தைரியம்தான். ஆனா மனப்பாடம் பண்ணினவனுக்கு மறந்து போகுமோங்கிற பயம் கூடுதலா சேருதே? காரணம் தெரிஞ்சு பேசறவன் வார்த்தை மறந்தாலும் வேற வார்த்தை போட்டுச் சமாளிச்சுக்குவான்.

சொல்லிக் கொடுக்க வெளிநாட்டுப் புத்தகமெல்லாம் தேவையில்ல. மணிமேகலையில அறவண அடிகள் தர்க்கத்தைப் பக்கம், ஏது, திட்டாந்தம்னு பிரிச்சுச் சொல்றார். அந்த மலையில நெருப்பு இருக்கு. ஏன்னா புகை வருது. நம்ம அடுப்படி மாதிரி. கருத்து, காரணம், உதாரணம், அவ்வளவுதான். மலைப் பிள்ளைக்கு இதை விடப் பொருத்தமா எவன் சொல்லுவான்? போலிக் காரணம் எப்படி இருக்கும்னு கூட அங்கயே இருக்கு. நன்னூல்ல பவணந்தியார் சொல்ற ஏழு மதங்கள்ல ஒண்ணு, அடுத்தவன் கருத்தை முதல்ல ஏத்துக்கிட்டு அப்புறம் அதைக் களையறது.

வகுப்புல மூணே விதி போதும். ஒண்ணு, "ஏன்னா" இல்லாத வாக்கியத்துக்கு மார்க் கிடையாது. ரெண்டு, எதிராளி சொன்னதை அவன் தலையாட்டற மாதிரி திருப்பிச் சொன்ன பிறகுதான் மறுக்கணும். மூணு, பாதியில மணியடிச்சு அணியை மாத்தணும். நன்மைன்னவன் தீமைன்னு பேசணும். தலைப்பு சாமையா இருக்கட்டும், பஸ் நேரமா இருக்கட்டும். பிள்ளைங்க கையில ஆதாரம் இருக்கிற விஷயமா இருந்தாப் போதும்.

"ஒரு கைத்தட்டலுக்கு இவ்ளோ அலட்டலா?"ன்னு கேப்பீங்க. இந்தப் பசங்க பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிங்க (கேரளா இல்லீங்க, மலையை ஆள்றவங்க). 2006 வன உரிமைச் சட்டப்படி காட்டு நிலத்துக்கு உரிமை கேட்டா, அதை முதல்ல விசாரிக்கிறது கிராம சபை. 2005 டிசம்பர் 13க்கு முன்னாடியே அங்க இருந்தோம்னு காட்டணும். அரசாங்கக் காகிதம் மட்டும்தான் ஆதாரம்னு இல்ல. கிணறு, இடுகாடு மாதிரி தரையில இருக்கிற அடையாளம், பெரியவங்க சொல்லி எழுதி வாங்கின வாக்குமூலம், இதெல்லாமும் செல்லும்னு விதி சொல்லுது. ஆனா ஒண்ணு பத்தாது, ஒண்ணுக்கு மேல வேணும். அதாவது கருத்து, காரணம், ஆதாரம்! நாளைக்கு அந்தக் கூட்டத்துல அந்தப் பொண்ணு எழுந்து நிக்கும்போது ஓரத்துல உதட்டை அசைக்க எந்த வாத்தியாரும் இருக்க மாட்டார்.

2024ல இதே மலையைச் சேர்ந்த புலியூர் ஸ்ரீபதி, 23 வயசுல சிவில் நீதிபதி தேர்வுல ஜெயிச்சாங்க. ஆண்டு விழாவுல அவங்க பேரைச் சொல்லி "நீங்களும் சாதிக்கணும்"னு முழங்குவோம். சரி, நீதிபதி வேலையே ரெண்டு பக்கமும் கேட்டு, எந்தக் காரணம் நிக்குதுன்னு பார்க்கறதுதானே? அதை எந்த வகுப்புல சொல்லிக் கொடுத்தோம்?

டிஸ்கி: நடுவர் தீர்ப்பு என்னாச்சுன்னு கேப்பீங்க. சாமை விஷயத்துல அந்தப் பொண்ணுதான் ஜெயிச்சுதுன்னு சொன்னேன். "அது தலைப்பே இல்லையே சார்"னு நண்பர் முறைச்சார். அதைத்தாங்க நானும் சொல்றேன்.