ஒளிரும் வாளுக்கு 240 முறை கோடு போடணுமா? ரோட்டோ வேலையை மாற்றும் ஸ்கிரிப்ட்!

10 விநாடி சண்டைக் காட்சி. நடிகர் கையில் வெறும் குச்சி. திரையில் அது ஒளிரும் வாள். விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் மொத்தம் 240. ஒவ்வொன்றிலும் குச்சியின் ஓரத்தில் கோடு போட்டுப் பிரிக்கணும். இதுதான் ரோட்டோஸ்கோப்பிங். 1977-ல் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' வாள்களுக்கும் இப்படி ஃபிரேம் ஃபிரேமாகத்தான் ஒளி சேர்த்தார்கள்.

ஸ்கிரிப்ட் என்ன செய்யும்?

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், பிளெண்டர் போன்ற மென்பொருள்களில் சில முக்கிய ஃபிரேம்களில் மட்டும் வாளின் பிடியையும் நுனியையும் குறித்தால் போதும். இடையில் உள்ளவற்றை ஸ்கிரிப்ட் கணக்கிடும். நடுவில் வெள்ளை, சுற்றிலும் மங்கலான நிறம் என ஒளியையும் சேர்க்கும்.

அப்போ வேலை போயிடுமா?

தருமபுரி இளைஞர்கள் பலருக்கு வேலை என்றால் பெங்களூரு. அங்கே 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் நிறுவனம் மூடப்பட்டு, ஏராளமானோர் வேலையிழந்தனர். காரணம் ஸ்கிரிப்ட் அல்ல, நிதி நெருக்கடி. ஆனால் அடுத்த வேலை தேடும்போது, கோடு போட மட்டுமே தெரிந்தவருக்குத்தான் சிக்கல் அதிகம்.

வாள் தலைக்குப் பின்னால் போகும்போது எங்கே மறைக்கணும், வேகத்தில் எவ்வளவு மங்கணும் என்பதை இன்னமும் ஆள்தான் பார்த்துச் சரிசெய்யணும். எனவே அனிமேஷன் பயிற்சி மையங்கள் ரோட்டோவுடன் பைத்தான் அடிப்படையையும் கற்றுத்தர வேண்டும். பிளெண்டர் இலவசம்; அதன் ஸ்கிரிப்ட் மொழியும் பைத்தான்தான். இன்றே தொடங்கலாம்!