தையல் பிரித்த பிறகு

பிள்ளை பிறந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. ‘வயிறு இன்னும் இறங்கலையே’ என்று பார்க்க வருகிறவர்கள் கேட்டுவிடுகிறார்கள். அந்த வயிற்றில் தோல், தசையுறை, கருப்பை என்று அடுக்கடுக்காகத் தையல் போட்டிருப்பது அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 64. இத்தனை பேருக்குக் கத்தி வைக்கிற ஊரில், கட்டிலிலிருந்து எப்படி எழ வேண்டும் என்றுகூடப் பலருக்குச் சொல்லி அனுப்புவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி எழ வேண்டும். முதல் வாரங்களில் மெதுவான நடையும், மூச்சை விட்டபடி அடிவயிற்றை லேசாக உள்ளிழுப்பதும் போதும். மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கும்போது வயிற்றின் நடுவே கூம்பாகப் புடைத்தால், தசைகள் விலகியிருக்கலாம். யூடியூபைப் பார்த்து சிட்-அப்ஸ் ஆரம்பிக்காமல் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்ட வேண்டும். வயிற்றில் துணி கட்டுவது நடக்கும்போது தாங்கலாக இருக்கும், கொழுப்பைக் கரைக்காது. பால் கொடுக்கிறவளைப் பட்டினி போட்டு இளைக்க வைப்பதோ கொடுமை. சிசேரியனுக்குப் பின் பிசியோதெரபி ஆலோசனையை அரசு கட்டாயமாக்கட்டும். அவள் நடந்துவிட்டு வரும் அரை மணி நேரம் பிள்ளையைக் கணவன் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.