‘பிளெஸ்’ என்றால் ஆசீர்வாதமா, அடியா?

காரைக்காலில் என் சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். மகன் குடும்பத்தோடு பாரிஸில் வேலை பார்க்கிறார். ஒருநாள் மதியம் பாட்டியின் கைப்பேசிக்குப் பேத்தியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. பேத்தி அங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், எழுத வராது. பாட்டி எதிர்வீட்டுக் கல்லூரி மாணவியைக் கூப்பிட்டார்.

“பாப்பா, பேத்தி என்னமோ போட்டிருக்கா, பாத்துச் சொல்லேன்.”

மூன்றே சொற்கள். முதல் சொல் ‘பப்பா’. கடைசிச் சொல் ‘பிளெஸ்’ என்று தொடங்கியது. நடுவில் இருந்தது அவளுக்குப் புரியவில்லை. அவசரத்தில் அடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

“அங்கிளுக்கு ஏதோ ஆசீர்வாதம் கிடைச்சிருக்காம் பாட்டி. நல்ல சேதிதான்.”

சம்பளம் கூடியிருக்கும், இல்லாவிட்டால் வீடு வாங்கியிருப்பான் என்று பாட்டிக்கு ஒரே சந்தோஷம். நேராகப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தார். திரும்பும் வழியில் ஓய்வுபெற்ற ‘சொல்தா’ தாத்தா எதிரில் வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பாட்டி பெருமையோடு கைப்பேசியை நீட்ட, படித்தவர் முகம் மாறிவிட்டது.

“இது இங்கிலீஷ் இல்லம்மா, பிரெஞ்சு. புள்ளைக்கு அடிபட்டிருக்குன்னு அர்த்தம். மொதல்ல போன் போடுங்க.”

வேலையிடத்துப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்திருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, இப்போது நடக்கிறார். ஆனால், அந்த ஒரு மணி நேரம்? செய்தியைப் பார்த்ததற்கு அடையாளமாக நீல டிக் விழுந்தும் பாட்டி ஏன் கூப்பிடவில்லை என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பேத்தி அழுதுகொண்டிருந்தாளாம். இங்கே எதிர்வீட்டுப் பெண்ணும் அழுதுவிட்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஊர் காரைக்கால். 1954 நவம்பர் 1-ல்தான் நிர்வாகம் இந்தியாவுக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல். அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு. ஒரே தெருவில் ஒரு வீட்டுப் பிள்ளை ஆங்கிலம் படிக்கிறது, அடுத்த வீட்டுப் பேரன் பிரெஞ்சு பேசுகிறான். இரண்டுக்கும் எழுத்து ஒன்று.

இந்த வாரம் அந்த ஒரு சொல்லையே பார்த்துவிடுவோம்.

ஆங்கிலத்தில் ‘பிளெஸ்’ என்றால் ஆசீர்வதிப்பது. பிரெஞ்சில் ‘ப்லெஸ்ஸே’ என்றால் காயம்பட்டவர். இரண்டுக்கும் உறவு கிடையாது. முகஜாடை மட்டும் ஒன்று. பிரெஞ்சுச் சொல், கன்றிப்போகும்படி அடிப்பதைக் குறித்த ஒரு பழைய ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலச் சொல்லின் பூர்வீகமும் அவ்வளவு சாதுவானதல்ல. ரத்தத்தைக் குறிக்கும் ‘பிளட்’ என்ற சொல்லோடு அதைச் சேர்த்துச் சொல்கின்றன அகராதிகள். பலி ரத்தத்தைத் தொட்டுவைத்துப் புனிதமாக்கியதிலிருந்து பிறந்த சொல்லாம். பிறகு கிறிஸ்தவம் வந்தது. ‘நல்லதைச் சொல்வது’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லுக்கு ஈடாக இதையே வைத்துக்கொண்டார்கள். ரத்தம் போய் வாய்ச்சொல் நின்றது.

நம் ‘வாழ்த்து’ இன்னும் அழகு. ‘தாழ்’ என்பதிலிருந்து ‘தாழ்த்து’ வருவதுபோல, ‘வாழ்’ என்பதிலிருந்து ‘வாழ்த்து’. வாழச் செய்வது என்று பொருள்.

இனி அன்றாடப் பேச்சுக்கு வருவோம்.

பக்கத்தில் ஒருவர் தும்மினால் ‘பிளெஸ் யூ’ என்பார்கள். சாமி கும்பிடாதவர்கள்கூடச் சொல்வார்கள். அது வெறும் மரியாதை. பதிலுக்கு ‘தேங்க் யூ’ சொன்னால் போதும். பிரெஞ்சில் இதே இடத்தில் ‘உங்கள் விருப்பம்போல் நடக்கட்டும்’ என்கிற பொருளில் ஒரு வாழ்த்து உண்டு. நாம் குழந்தை தும்மினால் ‘நூறாயுசு’ என்கிறோம்.

இங்கே ஒரு சங்கடம். நம் வழக்கத்தில் வாழ்த்து மேலிருந்து கீழேதான் வரும். ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்’ என்று போஸ்டர் ஒட்டுகிறவர்கள் நாம். ஆங்கிலத்தில் அந்த வயதுக் கணக்கு இல்லை. வெளிநாட்டு அலுவலகத்தில் இருபது வயதுப் பையன் உங்களைப் பார்த்து ‘பிளெஸ் யூ’ என்றால் கோபப்படாதீர்கள். ஆனால், உள்ளூரில் ஒரு பெரியவருக்கு நீங்கள் ‘காட் பிளெஸ் யூ’ என்று அனுப்பினால் அவர் புருவம் உயரலாம்.

‘பிளெஸ்ஸிங்’ என்பதற்குச் சம்மதம் என்றும் பொருள் உண்டு. ‘அப்பாவின் பிளெஸ்ஸிங் இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டாள்’ என்றால், அப்பா அட்சதை போட வரவில்லை என்பது மட்டுமல்ல, அவருக்கு அந்தக் கல்யாணத்தில் உடன்பாடே இல்லை என்று அர்த்தம்.

‘மிக்ஸ்ட் பிளெஸ்ஸிங்’ என்பது நல்லதும் கெட்டதும் கலந்து வருவது. காரைக்கால் காவிரியின் கடைமடை. ஐப்பசி மழை வந்தால்தான் சம்பாவுக்கு உயிர். அதே மழை வடியாமல் நின்றால் பயிர் அழுகும். கடைமடை விவசாயிக்கு இந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டாம்.

‘பிளெஸ்ஸிங் இன் டிஸ்கைஸ்’ என்றால், வரும்போது கெடுதலாகத் தெரிந்து பிறகு நன்மையாக முடிவது. ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்பதை இதற்கு ஈடாகச் சிலர் சொல்கிறார்கள். அது தவறு. தலைப்பாகையோடு போனால் தப்பித்தோம், அவ்வளவுதான். இதில் கூடுதலாக ஒரு நன்மை வந்தாக வேண்டும்.

‘கவுன்ட் யுவர் பிளெஸ்ஸிங்ஸ்’ என்றால், இல்லாததை நினைத்துப் புலம்பாமல் இருப்பதை எண்ணிப்பார் என்பது. காரைக்காலில் ஆசியை நிஜமாகவே எண்ணலாம். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில், காரைக்கால் அம்மையாரின் கதையை நினைத்து, வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள். எத்தனை பழம் கையில் சிக்கியதோ அத்தனை ஆசி!

அடுத்து உச்சரிப்பு. வினையாக வரும்போது ‘பிளெஸ்ட்’. பெயருக்கு முன்னால் அடைமொழியாக வந்தால் ‘பிளெஸ்ஸிட்’. கத்தோலிக்கத் திருச்சபையில் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி இந்த ‘பிளெஸ்ஸிட்’, தமிழில் அருளாளர். தேவசகாயம் 2012-ல் அருளாளரானார், 2022-ல் புனிதரானார். இதே சொல் எரிச்சலிலும் வரும். சாவியைத் தேடுகிறவர் ‘அந்த பிளெஸ்ஸிட் சாவி எங்கே?’ என்று கத்தினால், நம் ஊர்க் கணக்கில் அது ‘பாழாய்ப்போன சாவி’.

அமெரிக்காவின் தென்பகுதியில் யாராவது உங்களைப் பற்றி ‘பிளெஸ் ஹெர் ஹார்ட்’ என்றால் கொஞ்சம் உஷார். பரிவாகவும் இருக்கலாம், ‘பாவம், அவளுக்கு அவ்வளவுதான் விவரம்’ என்ற குத்தலாகவும் இருக்கலாம். குரலைக் கவனித்தால் தெரிந்துவிடும்.

எதிர்வீட்டுப் பெண் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறாள். தெரியாத வரி எது வந்தாலும், என்ன அர்த்தம் என்று பார்ப்பதற்கு முன் என்ன மொழி என்று பார்க்கிறாள். நடுவில் ஒரு சின்னச் சொல் புரியாவிட்டாலும் விடுவதில்லை. அன்றைக்கு அவளை ஏமாற்றியது ‘பிளெஸ்’ அல்ல, புரியாமல் தாண்டிப்போன அந்த நடுச்சொல்தான்.

மகன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று, “நான் நல்லாசி சொன்னேன்னு எழுதி அனுப்பு பாப்பா” என்று பாட்டி கேட்டாராம். இவள் ‘காட் பிளெஸ் யூ’ என்று அடிக்கப் போய், சட்டென்று நிறுத்திவிட்டாள். மைக் பொத்தானை அழுத்திக் கைப்பேசியைப் பாட்டியின் வாயருகே நீட்டினாள்.

“நல்லாயிருப்பா. பாத்து நட.”