மிட்டாய் கேட்ட பிள்ளைகளும் மாட்டுக்கறிச் சட்டியும்

டிசம்பர் நெருங்கினால் யூடியூப்பில் பிரைம் ரிப் ரோஸ்ட் வீடியோக்கள் குவிந்துவிடும். மாட்டின் விலாவில் ஆறாவது எலும்பிலிருந்து பன்னிரண்டாவது எலும்பு வரை உள்ள பகுதியை எலும்போடு எடுத்து, உப்பும் மிளகும் தடவி, ஓவனில் வைத்து வாட்டி எடுப்பார்கள். கிறிஸ்துமஸ் மேசையில் அதற்கு ராஜமரியாதை. நம் கல்லூரித் தம்பி தங்கைகள் அதைப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுல இதைச் செய்ய முடியுமா?" என்று கேட்கிறார்கள்.

செய்யலாம். ஆனால் சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு கேட்கும்போது அது சமையல் கேள்வியோடு நிற்பதில்லை. கறியை எங்கே வாங்குவது? எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவது? யாருடைய வீட்டில் சமைப்பது? மறுநாள் "நேத்து என்ன கொழம்பு?" என்று கேட்டால் என்ன சொல்வது? நான்கு கேள்விகளிலும் சாதி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

இதைச் சொன்னதும் நாகரிகமான ஒரு பதில் வரும். "உங்க வீட்டுக்குள்ள என்ன வேணும்னாலும் சமைச்சுக்கோங்க, யாரு கேட்டா? அதை ஏன் வெளியில கொண்டுவந்து அரசியல் ஆக்குறீங்க?" முற்போக்கு பேசுகிறவர்களும் இதையே சொல்கிறார்கள். இந்தப் பதிலைத்தான் நான் முதலில் உடைக்க நினைக்கிறேன். கடை, சாலை, வாடகை வீடு, வாய் இவை நான்கையும் பூட்டி வைத்துவிட்டு, "அடுப்பு மட்டும் உன்னுடையது" என்று சொல்வதற்குப் பெயர் சுதந்திரமா?

சாலையைப் பார்ப்போம். 2024 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம், மாட்டுக்கறி கொண்டுசென்ற ஒரு தலித் அம்மாவை அரசுப் பேருந்திலிருந்து பாதி வழியில் இறக்கிவிட்டார்கள். விஷயம் வெளியே வந்து எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் ஓட்டுநரும் நடத்துநரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். மீனும் கோழியும் ஏறுகிற அதே அரசுப் பேருந்துகள்தான்.

விழாவைப் பார்ப்போம். 2022 மே மாதம் ஆம்பூரில் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு அதில் இடமில்லை. ஆம்பூர் பிரியாணியில் மாட்டுக்கறிக்கு இடமில்லை என்றால் அதைவிடப் பெரிய வேடிக்கை உண்டா? இதைப் பாகுபாடாக ஏன் கருதக்கூடாது என்று மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழாவே தள்ளிவைக்கப்பட்டது.

வாயைப் பார்ப்போம். 2019 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில், மாட்டுக்கறி சூப் குடிக்கும் படத்தை ஃபேஸ்புக்கில் போட்ட ஓர் இளைஞரைத் தேடிச் சென்று தாக்கினார்கள். 2017 மே மாதம், சந்தையில் மாடு விற்பதற்குக் கட்டுப்பாடு விதித்த ஒன்றிய அரசின் விதிகளை எதிர்த்து ஐஐடி மெட்ராஸ் மாணவர்கள் மாட்டுக்கறி உண்டார்கள். இரண்டே நாளில் அதில் கலந்துகொண்ட ஆராய்ச்சி மாணவர் ஒருவர் வளாகத்துக்குள்ளேயே கண்ணில் அடிபட்டார். "இது தமிழ்நாடு, இங்கே அதெல்லாம் கிடையாது" என்று பெருமை பேசுகிறவர்கள் இந்தத் தேதிகளை எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

இனி வீடு. நீதிமன்றம் சமையலறையை ஓரளவு மதித்திருக்கிறது. வெளிமாநிலத்தில் வெட்டிய மாட்டின் கறியை வைத்திருப்பதையே குற்றமாக்கிய மகாராஷ்டிரச் சட்டப் பிரிவை மும்பை உயர் நீதிமன்றம் 2016 மே மாதம் ரத்து செய்தது. தனி மனிதனின் அந்தரங்கத்துக்குள் அரசு நுழைய முடியாது என்பது அதன் காரணங்களில் ஒன்று. அந்தரங்க உரிமை அடிப்படை உரிமைதான் என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபோது, நீதிபதி செலமேஸ்வர் தம் தீர்ப்பில் உணவையும் உடையையும் அரசு கட்டளையிட முடியாது என்ற கருத்தை எழுதினார். சரி. ஆனால் வாடகைக்கு வீடு தேடிப் போகும்போது கதவைத் திறப்பவர் நீதிபதி அல்ல, வீட்டுக்காரர். "நான்வெஜ் சமைப்பீங்களா?" என்று கேட்பார். ஆடு, கோழி என்றால் யோசிப்பார். அடுத்த கேள்வி சொந்த ஊர், அதற்கடுத்தது தெரு. மாட்டுக்கறி என்ற சொல்லை உச்சரிக்காமலே விசாரணை முடிந்துவிடும்.

இந்த இடத்தில் நம்மவர்களே சிலர் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. "இந்தக் கறியை விட்டுவிட்டால் என்ன? இதனால்தானே நம்மை இழிவாகப் பார்க்கிறார்கள்?" வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள், கொஞ்சம் படித்து வேலைக்குப் போனவர்களும் சொல்வார்கள். அவர்களுக்கு நான் இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

முதலாவது நம் சங்கரன்கோவில் பக்கத்திலேயே நடந்தது. 2022 செப்டம்பரில் பாஞ்சாகுளத்தில் பள்ளிக்கூடம் போகும் நம் பிள்ளைகள் பெட்டிக்கடைக்குப் போய்த் தின்பண்டம் கேட்டார்கள். ஊர்க் கட்டுப்பாடு, உங்கள் தெருக்காரர்களுக்கு எதுவும் தரக்கூடாது என்று சொல்லிக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அதை அவரே வீடியோ எடுத்துப் பரப்பினார். வழக்கு, கைது, கடைக்குச் சீல் என்று பிறகு நடந்தது எல்லாம் நீங்கள் அறிந்ததே. அந்தப் பிள்ளைகள் கேட்டது மாட்டுக்கறியா? மிட்டாய் கேட்டார்கள். சைவ மிட்டாய்.

இரண்டாவது, 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் நடந்தது. அரசுப் பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் அருந்ததியர் பெண் ஒருவர் சமைக்கக்கூடாது என்று சாதி இந்துக்கள் திரண்டு பள்ளியை முற்றுகையிட்டார்கள். அவர் சமைக்க வந்தது சோறும் சாம்பாரும்.

கேட்டது மிட்டாய், சமைத்தது சாம்பார். தீட்டு எங்கே இருக்கிறது என்று இனியும் சந்தேகமா? பண்டத்தை மாற்றினால் மரியாதை கிடைக்கும் என்றால், பாஞ்சாகுளத்துப் பிள்ளைகளுக்கு அன்றைக்கே கிடைத்திருக்க வேண்டும். மாட்டுக்கறி ஒரு சாக்கு. அதைப் பிடுங்கிக்கொண்டால் வேறொரு சாக்கு வரும்.

"அம்பேத்கரே மாட்டுக்கறிதான் தீண்டாமைக்கு வேர் என்று எழுதியிருக்கிறாரே" என்று ஒரு மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தீண்டாமையின் தோற்றம் குறித்து 1948இல் வெளியான நூலில், பௌத்தத்தோடு நடந்த போட்டியில் பார்ப்பனர்கள் மாட்டுக்கறியைக் கைவிட்டதையும், அதைக் கைவிடாத சிதறுண்ட மக்கள் தீண்டப்படாதவர்களாக ஆக்கப்பட்டதையும் அவர் விளக்கினார். அது தொடங்கிய விதம். கறியை விட்டுவிட்டால் தீண்டாமை போய்விடும் என்ற மருந்துச் சீட்டாக அதை வாசிக்கக் கூடாது. 1927இல் மகாடில் அவர் விடச் சொன்னது செத்த மாட்டின் இறைச்சியை. செத்த மாட்டைத் தூக்கும் வேலையை நம் தலையில் கட்டியவர்கள், அதன் கறியைக் கூலியாகத் தந்தவர்கள், அதைத் தின்றதற்காக இழிவும் செய்தவர்கள் ஒரே ஆட்கள் என்பதால் விடச் சொன்னார். அந்த வேலையை மறுத்தவர்கள் ஊர்ப் புறக்கணிப்பைச் சந்தித்தார்கள்.

இது பழங்கதையும் அல்ல. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம்மவர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், அதே குஜராத்தின் பனாஸ்காந்தாவில், செத்த மாட்டைத் தூக்க மறுத்ததற்காக ஒரு தலித் குடும்பத்தைத் தாக்கினார்கள். கர்ப்பிணிப் பெண்ணையும் விடவில்லை. தொட்டாலும் அடி, தொடாவிட்டாலும் அடி. இதில் எந்தப் பக்கம் போய் நல்ல பெயர் வாங்குவீர்கள்?

இப்போது அந்த ரோஸ்டுக்கு வருகிறேன். வெளிநாட்டில் பிரைம் ரிப்புக்கு வெட்டப்படுவது பெரும்பாலும் இரண்டு வயதை ஒட்டிய, தானியம் போட்டு வளர்த்த மாடு. ஓடியாடி உழைக்காத தசை, உள்ளே கொழுப்பு படர்ந்திருக்கும். அதனால் உள்சூடு 54 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கினாலே மெதுவாக இருக்கும். நம் கடைக்கு வருவது எந்த மாடு? 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, 10 வயதைத் தாண்டி உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாமல் போன மாட்டை, அல்லது காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிய மாட்டைத்தான் சான்றிதழ் பெற்று வெட்டலாம். 1976இல் ஓர் அரசாணை பசுவை வெட்டுவதற்குத் தடை போட்டது. ஆக, யாரோ ஒருவருடைய வயலில் பத்து வருடம் உழைத்துத் தேய்ந்த பிறகுதான் அது நம் சட்டிக்கு வருகிறது. அந்த விலாவை ஓவனில் காயவைத்து வாட்டினால் செருப்புத்தோல்தான் கிடைக்கும்.

நம் அம்மாக்களும் பாட்டிகளும் இதற்குப் பதில் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். முற்றிய கறியில் நார் அதிகம். அந்த நாரில் உள்ள கொலாஜன், ஈரச் சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால்தான் ஜெலட்டினாகக் கரையும். விலாவை எலும்போடு வாங்குங்கள். முந்தின இரவே உப்பு, மிளகு, இஞ்சி பூண்டு தடவி வையுங்கள். கறி ரொம்ப முற்றலாக இருந்தால் கொஞ்சம் பப்பாளிக்காயை அரைத்துச் சேர்க்கலாம். மறுநாள் அடிகனமான சட்டியில் அதன் கொழுப்பிலேயே நாலு பக்கமும் சிவக்க வறுத்து, சின்ன வெங்காயம் போட்டு, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, மூடி, சிறு தீயில் மூன்று மணி நேரம் விடுங்கள். எலும்பிலிருந்து கறி கழன்று வரும்போது மூடியைத் திறந்து தண்ணீரைச் சுண்டவிட்டு மிளகு தூவி இறக்குங்கள். சங்கரன்கோவிலில் பிரைம் ரிப் ரோஸ்ட் இப்படித்தான் இருக்கும். மீந்ததை உப்புக்கண்டம் போடுகிற வித்தையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சட்டமும் வறுமையும் தள்ளிவிட்ட முற்றல் கறியிலிருந்து ஒரு சமையல் கலையையே உருவாக்கியவர்கள் நம் பெண்கள்.

அதே விலா நட்சத்திர ஓட்டலில் ஆங்கிலப் பெயரோடு தட்டில் வந்தால் அது ரசனை. கோட்டும் சூட்டும் போட்டவர் கத்தி, முள்கரண்டியால் அறுத்துத் தின்றால் அவரை யாரும் தெரு கேட்பதில்லை. எருமைக்கறி ஏற்றுமதியில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாடு இது. கப்பலில் போகும் கறிக்கு அந்நியச் செலாவணி என்று பெயர். கறுப்புப் பையில் சுற்றி நம் தெருவுக்கு வரும் கறிக்கு அசிங்கம் என்று பெயர். சங்கரன்கோவில் பிரியாணி என்று ஊரே ஆட்டுக்கறிக்கு வரிசையில் நிற்கிறது, சந்தோஷம். மாட்டுக்கறிக்கும் அந்த வெளிச்சத்தில் ஓர் இடம் வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

நமக்குள் பேச வேண்டியதும் இருக்கிறது. "நாங்க அதைத் தொடுறதில்ல, அவங்கதான் திம்பாங்க" என்று ஒரு தலித் சாதி இன்னொரு தலித் சாதியைக் காட்டுவதை நம் வட்டாரத்தில் கேட்காதவர் யார்? அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை இதுதான். நமக்குக் கீழே ஒரு படி இருக்கிறது என்ற ஆறுதலில் ஏணியையே காப்பாற்றுகிறோம். மாட்டுக்கறி பிடிக்காதவர் சாப்பிட வேண்டாம். கட்டாயப்படுத்தித் திணிப்பதும் ஆதிக்கம்தான். ஆனால் சாப்பிடாததைச் சாதிப் பெருமையாகச் சொல்லாதீர்கள். ஆண் தோழர்களுக்கு இன்னொன்று. மாட்டுக்கறி விருந்துக்கு முழக்கம் எழுதுகிறீர்கள். கழுவி, வெட்டி, மூன்று மணி நேரம் அடுப்படியில் வேகுவது யார்? அடுத்த முறை சட்டியை நீங்கள் ஏற்றுங்கள்.

என்ன செய்யலாம்? நகராட்சிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்: மாடு வெட்டுவதற்குத் தண்ணீர், கூரை, கழிவுநீர் வசதியோடு முறையான கூடம் உண்டா, கறிக்கடைக்கு உரிமம் கேட்டவர்களுக்கு என்ன பதில் சொல்லப்பட்டது? நம் தொகுதி தனித்தொகுதி, நம் ஓட்டில் ஜெயித்தவரிடமும் இதையே கேளுங்கள். ஆதிதிராவிடர் நல விடுதியில் இருப்பவர்கள் உணவுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், மாட்டுக்கறி இருக்கிறதா? இல்லையென்றால் ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். ஊர்க் கட்டுப்பாடு என்று யாராவது சொன்னால் பதிவு செய்யுங்கள். சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தப்படி குற்றம். மராத்தியில் ஷாஹு பாட்டோலே தம் மக்களின் சமையலை 2015இல் புத்தகமாக எழுதினார். நீங்கள் உங்கள் பாட்டியிடம் உட்கார்ந்து ஒரு நோட்டை நிரப்புங்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விலாக்கறி வாங்குங்கள். கறுப்புப் பை கேட்காதீர்கள். ஜன்னலைச் சாத்தாமல் சமையுங்கள். திங்கட்கிழமை யாராவது "என்ன கொழம்பு?" என்று கேட்டால் மாட்டுக்கறி என்று சொல்லுங்கள்.

ஜெய்பீம்.