ஓய்வுக்கால வீடு யாருக்காக?



பணி ஓய்வை நெருங்கும் நம் சகோதரர்களிடையே ஒரு பேச்சு அண்மைக் காலமாக அடிக்கடி எழுகிறது. சென்னையில் மனை விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது. சொந்த ஊரில் வெயில் தாங்கவில்லை. ஆகவே, எல்லையைக் கடந்து பெங்களூரில் ஓர் அடுக்ககம், பாலக்காட்டில் பத்து சென்ட் நிலம், வயநாட்டில் ஒரு சிறு வீடு, காரைக்காலில் ஒரு மனை என்று ஆளுக்கொரு திசையில் தேடுகிறார்கள். வளைகுடாவில் பல்லாண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தை மன அமைதி தரும் இடத்தில் முடக்க விரும்புவதில் தவறேதுமில்லை. அல்லாஹ்வின் பூமி விசாலமானது.

ஆயினும், இத்தகைய பேச்சுகளில் கேட்கப்படாமலே போகும் ஒரு கேள்வி உண்டு. அந்த வீட்டில் அதிக காலம் வாழப்போகிறவர் யார்?

நம் குடும்பங்களில் மனைவி கணவரைவிடச் சில ஆண்டுகள் இளையவராக இருப்பதே வழக்கம். பெண்களின் சராசரி ஆயுளும் ஆண்களுடையதைவிடச் சற்று நீண்டது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விடை எளிது. கணவர் தமக்கென்று தேர்ந்தெடுக்கும் ஓய்வுக்கால வீட்டின் பிற்பகுதி வாழ்க்கை, பெரும்பாலும் மனைவி தனித்து வாழும் வாழ்க்கையாகவே அமைகிறது. எனவே, வீட்டைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் அவருடைய வாழ்வாகவே இருத்தல் வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் மொழியை எடுத்துக்கொள்வோம். பணியிலிருந்த காலத்தில் கணவர் மலையாளமோ ஹிந்தியோ பேசிப் பழகியிருப்பார். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்த மனைவிக்கு அந்த வாய்ப்புக் கிட்டியிருக்காது. மருத்துவரிடம் தம் வலியைச் சொல்லவும், வங்கியில் ஒரு படிவத்தை நிரப்பவும், நள்ளிரவில் பக்கத்து வீட்டாரை அழைக்கவும் அவருக்கு மொழி வேண்டும். இந்த வகையில் எல்லா அண்டை மாநிலங்களும் ஒன்றல்ல. காரைக்கால் நிர்வாகத்தால் புதுச்சேரியைச் சேர்ந்தது. மொழியாலும் உறவாலும் நாகூரின் அண்டை வீடு. பாலக்காட்டின் சித்தூர்ப் பகுதியிலும் இடுக்கியின் குமுளியிலும் தமிழ் அன்றாடம் ஒலிக்கிறது. பெங்களூரின் சில பகுதிகளில் தமிழும் உருதும் கைகொடுக்கும். புறநகரில் புதிதாக எழும் அடுக்ககங்களில் அப்படிச் சொல்ல இயலாது.

அடுத்தது ஜமாஅத். பள்ளிவாசல் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்று விசாரிக்கும் நாம், அந்த மஹல்லாவில் வெளியூர்க் குடும்பத்தை உறுப்பினராகச் சேர்ப்பார்களா, மையவாடியில் இடம் உண்டா என்று விசாரிப்பதில்லை. கேரளத்தின் மஹல்லுகள் கட்டுக்கோப்பானவை. முறையாகச் சேர்ந்து மாதச் சந்தா செலுத்தும் குடும்பத்துக்கு அவை பெருந்துணை. சேராமலே இருந்துவிட்ட குடும்பம், ஜனாஸாவன்றுதான் தன் தனிமையை உணர்கிறது. ஒரு மரணத்துக்குப் பின் வரும் நான்கு மாதம் பத்து நாள் இத்தாக் காலத்தில், கதவைத் தட்டி நலம் விசாரிக்கும் பெண்கள் அந்தத் தெருவில் இருப்பார்களா என்பதும் வீடு வாங்கும்போதே எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்றாகும்.

மருத்துவத்தைப் பொறுத்தவரை கேரளத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. 1993ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண, ஆதரவுச் சிகிச்சை இயக்கம் மலப்புறம் போன்ற மாவட்டங்களில் மக்கள் இயக்கமாகவே வளர்ந்தது; 2008இல் அம்மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கையையே வகுத்தது. படுக்கையில் விழுந்த முதியோரைச் செவிலியரும் தன்னார்வலரும் வீடு தேடி வந்து பார்க்கும் இந்த ஏற்பாடு, முதுமையில் எந்த மலைக்காட்சியையும்விட மதிப்புள்ளது. அதே வேளையில், தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தமிழகக் குடும்ப அட்டையோடு பிணைந்தது என்பதை, அதன் பயனாளிகள் முகவரி மாற்றும் முன் நினைவில் கொள்ள வேண்டும்.

நிலத்தின் தன்மையையும் சட்டத்தையும் அறியாமல் முன்பணம் கொடுத்தல் கூடாது. வெளிநாடு வாழ் இந்தியர்கள் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடமளிப்பதில்லை. ஏலத்தோட்டத்து வீடு, காப்பித்தோட்டத்து வீடு என்று வரும் விளம்பரங்களைப் பார்க்கும் வளைகுடாச் சகோதரர்கள் இதை மறத்தலாகாது. கேரளத்தில் 2008ஆம் ஆண்டின் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வயலாகப் பதிவான நிலத்தில் விரும்பியபடி வீடு கட்ட முடியாது. பெங்களூரில் 'பி காத்தா' என்ற சொல் காதில் விழுந்தால் வழக்குரைஞரைக் கலந்துகொள்ளாமல் ஓரடியும் எடுத்து வைக்காதீர்கள். 2024 ஜூலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் ஒரே இரவில் நேர்ந்த பேரழிவு, மலைச்சரிவு வீட்டின் விலை ஏன் குறைவாக இருக்கக்கூடும் என்பதை நமக்கு உணர்த்தியது. செலவையும் கணக்கிடுங்கள். தமிழகத்தில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் ஆகும். கேரளத்தில் இவை 8 விழுக்காடும் 2 விழுக்காடும். இடம் ஒத்துவராமல் வீட்டை விற்றாலும் அந்தப் பணம் திரும்பி வராது.

எல்லாவற்றினும் முக்கியமானது பத்திரத்தில் எழுதப்படும் பெயர். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் வீட்டைப் பெண்மக்களுக்குக் கொடுப்பதும், மாப்பிள்ளை அங்கு வந்து வாழ்வதும் நெடுங்கால வழக்கம். பெண்ணைப் பெற்றவர்கள்மீது அது சுமத்தும் பாரத்தைப் பற்றிய கண்டனம் நியாயமானதே. ஆனால் அவ்வழக்கில் ஒரு காப்பும் இருந்தது: கணவர் இறந்தாலும் மனைவியின் வீடு மனைவியுடையதாகவே நின்றது. அந்த வீட்டை விற்று, அண்டை மாநிலத்தில் கணவர் பெயரில் மட்டும் புதிய வீடு வாங்கும்போது அந்தக் காப்பு கைநழுவிப் போகிறது. பிள்ளைகள் இருப்பின் மனைவிக்குரிய வாரிசுப் பங்கு எட்டில் ஒன்று. மார்க்கம் வகுத்த அப்பங்கில் குறையேதும் இல்லை. மனைவிக்கே உரிய சொத்தை வாழ்நாளிலேயே கணவர் தம் பெயருக்கு மாற்றிக்கொள்வதில்தான் குறை. ஆகவே வாங்கும் நாளிலேயே மனைவியின் பெயரில் அல்லது இருவர் பெயரிலும் பத்திரம் எழுதுங்கள். பிற வாரிசுகளின் உரிமையைப் பறிக்கும் நோக்கமின்றி இதைச் செய்வது அநீதியாகாது. அவருடைய பணம் அதில் கலந்திருந்தால் அது கடமையே.

'மகன் பெங்களூரில் இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான்' என்று சிலர் கூறலாம். பிள்ளைகளுக்கு அருகில் வாழ விரும்புவது இயல்பானது, நல்லதுங்கூட. ஆனால் மகனின் வேலை நாளை ஹைதராபாத்துக்கோ டொரான்டோவுக்கோ மாறலாம். அவனோடு வீடு போகாது; தாய்தான் அந்த வீட்டோடு நிற்பார். பிள்ளைக்காகச் செல்வதாயின் வாடகை வீடே போதுமானது.

என் பரிந்துரை இதுதான். மனம் நாடிய ஊரில் ஓராண்டு வாடகைக்கு இருங்கள்; அந்த ஓராண்டில் ஒரு முழு மழைக்காலமும் ஒரு ரமலானும் கடக்கட்டும். அக்காலத்தில் கடைக்கும் மருத்துவரிடமும் வங்கிக்கும் மனைவி தாமே சென்று வரட்டும். ஆண்டின் முடிவில் 'இங்கே நான் தனியாகவும் இருந்துவிடுவேன்' என்று அவர் சொன்னால் வாங்குங்கள். அவர் தயங்கினால், விலை எவ்வளவு மலிவாயினும் அந்த வீடு உங்களுக்குரியதன்று.

நம் குடும்பத்துப் பெண்களின் முதுமையை அச்சமற்றதாக ஆக்கிவைக்கும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.