சோறு வேணாம்னு சொன்னா கோவிச்சுக்காதீங்க



உலு திராம் பக்கம் அன்னதானத்துல "சோறு வேணாம், காய் மட்டும் வைங்க"ன்னு கேட்கிறவங்க இப்ப கூடிட்டாங்க. பரிமாறுற நம்ம ஆளுங்க சிலருக்கு அது பிடிக்கல. பிரசாதத்தை வேணாம்னு சொல்லலாமான்னு கேட்கிறாங்க. தாராளமா சொல்லலாம். 2023 தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவங்க ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்புநீர்.

ஆனா சோற்றை விட்டவங்களும் பக்கத்து இலைக்காரருக்குப் பாடம் நடத்த வேணாம். நியாண்டர் செல்வன் தமிழில் பேலியோ பற்றி எழுதியதைப் படிச்சு மாறினவங்க நிறைய பேர். சிலருக்கு நல்லா இறங்குச்சு. சிலருக்கு முதல் ரெண்டு வாரம் விறுவிறுன்னு இறங்கி, அப்படியே நின்னுடுச்சு. ஆரம்பத்துல இறங்குறதில் பெரும்பங்கு உடம்புத் தண்ணிதான்.

2018-ல் வெளியான ஸ்டான்போர்ட் ஆய்வில் 609 பேரை ஒரு வருசம் கவனிச்சாங்க. மாவுச்சத்தைக் குறைச்சவங்களுக்குச் சராசரியா 6 கிலோ இறங்குச்சு, கொழுப்பைக் குறைச்சவங்களுக்கு 5.3 கிலோ. பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா ரெண்டு பக்கமும் 30 கிலோ வரை குறைஞ்சவங்களும் உண்டு, 10 கிலோ வரை கூடினவங்களும் உண்டு. அப்புறம் எப்படி, எடை இறங்காதவரைப் பார்த்து "உனக்குக் கட்டுப்பாடு இல்ல"ன்னு சொல்றது?

இன்சுலின் போடுறவங்க, இனிப்புநீர் மாத்திரை எடுக்கிறவங்க டாக்டரைக் கேட்காம திடீர்னு சோற்றை நிறுத்தாதீங்க. சர்க்கரை ரொம்ப இறங்கி மயக்கம் வரலாம்.

பரிமாறுறவங்க கேட்டுட்டுச் சோறு போடுங்க. பருப்பு, கீரை, தவ்பூ கொஞ்சம் தாராளமா வைங்க. (உருளைக்கிழங்குப் பிரட்டலைக் காய்கறிக் கணக்குல சேர்க்காதீங்க, அதுவும் மாவுதான்!) பாயசம் கேட்கிறவங்களுக்கு மட்டும், கடைசியா.